பெட்டி வந்தாச்சு

ஓசூர்க் கம்பெனி கழித்துக்கட்டிய கணினி ஊத்தங்கரைப் பள்ளிக்கு வந்தால் அதற்குப் பெயர் சமூகப் பொறுப்பு. பெட்டி ஐந்து, பொன்னாடை பத்து. பவர் கார்டு மட்டும் 'பின்னால் வருது சார்'.

சரி, லினக்ஸாவது போடலாமே என்றால், "ஓசியில கிடைக்கிறது உருப்படுமா?" என்பார்கள். பக்கத்து மேசையில் ஓடுகிற திருட்டு விண்டோஸுக்கு ஏதோ ரசீது இருக்கிற மாதிரி!

2011-இல் தொடங்கிய அரசு மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் ஏற்றித்தான் கொடுத்தார்கள். சென்னை சி-டாக் ஆட்கள் உருவாக்கியது, தமிழில் தட்டலாம். பிள்ளைகள் பலர் அதை அழித்துவிட்டு அந்த இடத்தில் சினிமா ஏற்றினார்கள். நன்கொடைப் பெட்டிகளுக்கு அந்த ஆபத்தே இல்லை. ஆய்வகச் சாவி பீரோவில், பீரோ சாவி பயிற்சிக்குப் போன வாத்தியாரிடம்.