முடிவெடுக்க உதவும் திரை

புராஸ்டேட் புற்றுநோயைக் கண்டறியும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை வேண்டுமா வேண்டாமா என்பதை 55 முதல் 69 வயது வரையிலான ஆண்கள் மருத்துவரிடம் பேசி அவரவரே முடிவு செய்யலாம் என்று அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2018-இல் பரிந்துரைத்தது. அந்த யோசனைக்குத் துணை நிற்பவை இணையவழி முடிவுத்துணைக் கருவிகள்.

இவற்றின் வடிவமைப்பு கருணை மிக்கது. 1000 பேரைப் பரிசோதித்தால் சுமார் 13 ஆண்டுகளில் ஏறத்தாழ 1.3 மரணம் தவிர்க்கப்படும் என்பதை விளக்க, 1000 பொம்மைகள் வரையப்படுகின்றன. பிழைத்த அந்த 0.3 மனிதருக்குத் தலையை வரைவதா காலை வரைவதா என்பது மட்டுமே இன்னும் தீராத வழக்கு. பார்வையற்றோரும் விடுபடுவதில்லை, திரைவாசிப்பான் “படம்” என்று 1000 முறை சலிக்காமல் சொல்லும். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வேறுபாடு வேண்டும் என்னும் அணுகல்தன்மை விதி, இளஞ்சாம்பல் எழுத்தின் அழகை அறியாதது. மூட்டுவலி விரல்களுக்குப் பயிற்சியாகக் கடுகளவுப் பொத்தான்கள். சற்று நேரம் தொடாவிட்டால் கருவி முதல் பக்கத்துக்கே திரும்பிவிடும்; அவசர முடிவு ஆபத்தல்லவா?

கடைசிப் பக்கம் மருத்துவரைக் கேட்கச் சொல்கிறது. மருத்துவர் கருவியைப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறார். இப்படிச் சுற்றி முடிப்பதற்குள் பயனருக்கு 70 வயது நிறைகிறது. 70 வயது முதல் இப்பரிசோதனை வேண்டாம் என்பது அதே பணிக்குழுவின் பரிந்துரை. கருவி முடிவெடுக்க உதவிவிட்டது.