சேலம் கருப்புக்குச் சேலத்தில் இடம் உண்டா?

அனுப்புநர்:
ஒரு வெள்ளாடு, மூன்று கோழி, ஒரு சேவலுக்குப் பொறுப்பாளர்,
அம்மாபேட்டை, சேலம்.

பெறுநர்:
உயர்திரு. தமிழ்நாடு நகர்ப்புற விலங்குகள் மற்றும் பறவைகள் (கட்டுப்பாடு மற்றும் ஒழுங்குமுறை) சட்டம், 1997 அவர்கள்.

பொருள்: குடியிருப்பு உரிமம் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். தாங்கள் பிறந்து கால் நூற்றாண்டு தாண்டியும் எங்கள் தெருவில் தங்களைப் பார்த்தவர் அதிகமில்லை. நகரத்துக்குள் விலங்கோ பறவையோ வளர்க்க உரிமம் வேண்டும் என்பது தங்கள் கட்டளையாம். டீக்கடையில் அதைக் கேட்ட பிறகுதான், என் வீட்டில் ஐந்து பேர் சீட்டில்லாமல் தங்கியிருப்பது தெரிந்தது.

முதலில் ஆடு. அது சேலம் கருப்பு. கொம்பிலிருந்து குளம்பு வரை கரிக்கட்டை நிறம். ஊர்ப் பெயரையே இனப் பெயராக வைத்திருக்கும் அதற்கு, அந்த ஊரில் இருக்க அனுமதி வேண்டும். என் பெயரில் சேலம் எங்கும் இல்லை. நான் தாராளமாக இருக்கிறேன்.

1994-இல் சேலம் மாநகராட்சியானது. சுற்றியிருந்த ஊர்கள் உள்ளே வந்தன. முளைக்குச்சியில் கட்டிய ஆடு கட்டிய இடத்திலேயே அசைபோட்டுக்கொண்டிருந்தது. முந்தின நாள் ஊராட்சி ஆடு, மறுநாள் மாநகராட்சி ஆடு. 2011-இல் அரசே கிராமத்து ஏழைக் குடும்பங்களுக்கு நாலு நாலு ஆடு விலையில்லாமல் கொடுத்தது. நாளை அந்த ஊரும் நகரமானால், அரசு கொடுத்த ஆடு அரசிடமே உரிமத்துக்கு வரிசையில் நிற்கும்.

அடுத்து சேவல். மேல்மாடிக் குடித்தனக்காரர் அது கூவுகிறது என்கிறார். அவர் தூங்குவதே பக்கத்து வீட்டு நாலு விசைத்தறிச் சத்தத்தில். கரண்ட் போய்த் தறி நின்றால்தான் சேவல் அவர் காதில் விழும். ஆகவே அது சேவல்மீதான புகார் அல்ல, மின்வெட்டுமீதான புகார். தாங்கள் அதை மின்வாரியத்துக்குத் திருப்பிவிடலாம்.

நாமக்கல் பக்கம் பாருங்கள். குடியிருப்புக்கும் கோழிப்பண்ணைக்கும் 500 மீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதல். நியாயம்தான்; ஈயோடு சோறு தின்ன யாருக்கும் ஆசையில்லை. ஆனால் டேப்பின் ஒரு முனையைப் பிடித்திருக்கும் பண்ணை நின்ற இடத்தில் நிற்கிறது. மறுமுனையில் மனைப்பிரிவு நடந்து வருகிறது. வேலிக்கு வெளியே கல் நட்டு, மனை விற்று, பால் காய்ச்சிக் குடிவந்த மறுநாள் புகார்: “இங்கே கோழி நாறுகிறது.”

ஆடி மாதம் எங்கள் பேட்டைக்கு வாருங்கள். மாரியம்மன் பண்டிகை, வண்டி வேடிக்கை, வீட்டுக்கு வீடு கிடா. அந்த வாரம் எந்தக் கிடாவிடமும் உரிமம் கேட்பாரில்லை. புதுப்பிக்க அதற்கும் அவகாசமில்லை. தங்கள் அண்ணன், 1950-ஆம் ஆண்டுப் பலியிடுதல் தடைச் சட்டம், நீண்ட தூக்கத்திலிருந்து 2003-இல் எழுந்து வந்தார். 2004-இல் அவரையே ரத்து செய்து அனுப்பிவைத்தார்கள். அந்தக் கதை தங்களுக்குத் தெரியாததா?

எங்கள் பக்கமும் குற்றமுண்டு. பாலைக் கறந்துகொண்டு மாட்டை ரோட்டுக்கு ஓட்டிவிடுகிறவர்களும் எங்கள் ஆட்கள்தான். குப்பைத்தொட்டியில் பாலித்தீன் மேயும் மாட்டுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அபராதம் போடுங்கள். ஆனால் தங்கள் தாத்தா, 1871-ஆம் ஆண்டுக் கால்நடை அத்துமீறல் சட்டம், வெள்ளைக்காரர் காலத்தவர். அவர்கூடப் பவுண்டில் அடைத்த மாட்டுக்குத் தீனியும் தண்ணீரும் வைக்கச் சொன்னார். பிடிப்பதற்கு முன்பே கட்ட ஒரு பொதுக்கொட்டாய் இருந்தால் பேரனுக்குப் பெருமை.

ஆகவே, ஐயா, உரிமம் வேண்டாம் என்று கேட்கவில்லை. தூரத்தை அளக்கும்போது யார் முதலில் வந்தது என்றும் கேளுங்கள். புறக்கடையில் மூன்று கோழி வளர்ப்பவளை முப்பதாயிரம் கோழிக்காரரோடு ஒரே வரிசையில் நிறுத்தாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் கட்டுப்பாட்டிலும் ஒழுங்குமுறையிலும் உள்ள,
பொறுப்பாளர்.

இணைப்பு: முட்டை – 1. (லஞ்சம் அல்ல, முகவரிச் சான்று. இட்ட இடம்: மேற்படி வீட்டுப் புறக்கடை.)