தங்கம் கண்ணுக்குத் தெரியாது

கேள்வி: தங்கம் தேடும் சின்னக் கம்பெனி ஒன்றில் பங்கு வாங்கியிருக்கிறேன். முதலீட்டாளர்களை ஹெலிகாப்டரில் காட்டு முகாமுக்கே அழைத்துப்போய்க் காட்டுகிறார்களாம். போனால் எதைப் பார்ப்பது?

பதில்: போய் வாருங்கள், ஆனால் தங்கத்தைத் தேடாதீர்கள். ஒரு டன் பாறையில் 2 கிராம் இருந்தாலே திறந்தவெளிச் சுரங்கத்துக்கு நல்ல தரம். அது எந்தக் கண்ணுக்கும் தெரியாது. பெட்டிகளில் வரிசையாக அடுக்கியிருக்கும் பாறைத் தண்டுகளைப் பாருங்கள். துளையிட்டு எடுத்த தண்டை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, ஒரு பாதியைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, மறுபாதியைப் பெட்டியிலேயே வைத்திருக்க வேண்டும். நாளை யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்தப் பாதிதான் சாட்சி.

இந்தோனேசியாவின் போர்னியோ காட்டில், புசாங்கில், அந்தச் சாட்சியே இல்லை. கனடாவின் பிரீ-எக்ஸ் கம்பெனி ஏறக்குறைய முழுத் தண்டையும் பரிசோதனைக்கு அனுப்பியது. போகிற வழியில் மாதிரிகளில் ஆற்றுத் தங்கத் துகளைக் கலந்துவிட்டார்கள். பங்குச்சந்தை நிபுணர்கள் முகாமுக்கு நேரில் போய், மெச்சிவிட்டுத்தான் திரும்பினார்கள். கம்பெனியின் சந்தை மதிப்பு 600 கோடி கனடா டாலருக்கு ஏறியது. 1997-இல் ஃப்ரீபோர்ட் நிறுவனம் பழைய துளைகளுக்குப் பக்கத்திலேயே துளையிட்டுப் பார்த்தது. சொல்லிக்கொள்ளும்படி தங்கம் இல்லை. ஒன்டாரியோ ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதியும் அதில் பணத்தைப் பறிகொடுத்தது, வயிறு எரிகிறது.

ஆகவே, மாதிரி மூட்டைக்கு யார் சீல் வைக்கிறார்கள், இரவில் கிடங்குச் சாவி யாரிடம் இருக்கிறது, வெளியாள் யாராவது மறுபரிசோதனை செய்தாரா என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் மழுப்பினால், ஊர் திரும்பியதும் பங்கை விற்றுவிடுங்கள்.