பேட்டரி வைத்தியர்

அரிசோனா பாலைவனத்தில் ஒரு குறிப்பிட்ட மனிதரை வரவழைக்க மந்திரம் எதுவும் தேவையில்லை. டிராவல் டிரெய்லரின் மூக்கு நுனியில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி இருக்கும். அதன் மூடியைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு உள்ளே எட்டிப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்கும்: “பேட்டரியா?”

அவர்தான் பேட்டரி வைத்தியர்.

வயது எழுபதை ஒட்டி இருக்கும். வெளிறிய தொப்பி, அரைக்கால் சட்டை, கையில் காபிக் குவளை. கூடவே ஒரு குட்டி நாய். இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அதற்கு அலுத்துவிட்டது என்பது முகத்திலேயே தெரியும். நம்மூர்ப் பெரியவர்கள் வெற்றிலைச் செல்லத்தைப் பிரியாததுபோல அவர் பிரியாதது இடுப்பு பெல்ட்டில் தொங்கும் மஞ்சள் மல்டிமீட்டர். முன்பு அவர் பள்ளிப் பேருந்து ஓட்டியிருக்கலாம், பல் பிடுங்கியிருக்கலாம். ஓய்வுபெற்றதும் டிரெய்லர் வாங்கினார். கொஞ்ச நாளில் அதன் பேட்டரி செத்தது. அந்தச் சாவு வீட்டிலிருந்து அவர் வைத்தியராக வெளியே வந்தார்.

எங்கள் வீட்டுச் சாவுக்கு அவர் வந்த கதையைச் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது ஃபீனிக்ஸுக்குப் பக்கத்தில் சாண்ட்லர். பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற, கட்டிலும் அடுப்பும் கழிப்பறையும் கொண்ட ஒரு பழைய டிரெய்லரை வாங்கினோம். பொங்கல் விடுமுறை இங்கே கிடையாது. ஆனால் ஜனவரியில் ஒரு நீண்ட வார இறுதி உண்டு. அதற்கு மேற்கே இரண்டு மணி நேரம் ஓட்டி குவார்ட்ஸைட் போனோம். கோடையில் சில ஆயிரம் பேர் வாழும் சிற்றூர். குளிர்காலத்தில் அதைச் சுற்றியுள்ள அரசுப் பொட்டல் நிலத்தில் பல்லாயிரம் வண்டிகள் வந்து குடியேறிவிடும். கரண்ட் கம்பம் கிடையாது, குழாய் கிடையாது. விளக்கு, பம்ப், ஹீட்டர் எல்லாவற்றுக்கும் அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் இருக்கும் 12 வோல்ட்டுதான் கதி.

முதல் ராத்திரி இரண்டு மணிக்கு ஹீட்டரின் காற்றாடி இழுத்து இழுத்து மூச்சுவிட்டு நின்றது. எங்கிருந்தோ கீச் கீச்சென்று சத்தம்.

“ஏங்க, உள்ள கோழிக்குஞ்சு ஏதாவது புகுந்துடுச்சா?” என்றாள் மனைவி.

கோழிக்குஞ்சு இல்லை, கேஸ் கசிந்தால் எச்சரிக்கும் கருவி, தனக்குக் கரண்ட் போதவில்லை என்று முறையிட்டுக்கொண்டிருந்தது. வெளியே ஐந்து டிகிரி. இருந்த போர்வையெல்லாம் போர்த்திக்கொண்டு, பாலைவனம் என்றாலே வெயில் என்று பாடம் நடத்திய பள்ளிக்கூட வாத்தியாரை நினைத்துக்கொண்டே விடியவிட்டோம்.

விடிந்ததும் மூடியைத் திறந்தேன். வந்துவிட்டார்.

“நகரு, யங் மேன்” என்றார். நாற்பத்தாறு வயதில் என்னை அப்படி அழைக்கும் ஊர் உலகத்தில் அது ஒன்றுதான். சிவப்பு முள்ளை ஒரு முனையிலும் கறுப்பு முள்ளை மறுமுனையிலும் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நாடி பார்க்கிறவர் கண் திறந்திருக்கக் கூடாது போலும். பிறகு எண்ணைப் பார்த்தார். 11.3.

“12.7 இருந்தால் நிறை. 12.1 வந்தால் பாதி. அதற்குக் கீழே போவது உடம்புக்கு ஆகாது. இது...” என்று தொப்பியைக் கழற்றினார். மிச்சத்தைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஏன் செத்தது என்று கேட்டேன். அவர் 1859-இல் தொடங்கினார். அந்த ஆண்டு காஸ்டன் பிளாண்டே என்ற பிரெஞ்சுக்காரர் ஈயத் தகட்டை அமிலத்தில் முக்கினார். அங்கிருந்து என் டிரெய்லருக்கு வந்து சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. நாய் படுத்துவிட்டது.

ஆனாலும் அந்த முக்கால் மணி நேரத்தில் நான் கற்றது நிஜம். கார் பேட்டரிக்குள் மெல்லிய தகடுகள் நிறைய. வண்டியை உசுப்பிவிடும் அந்தச் சில நொடிக்குக் கரண்டைக் கொட்டோ கொட்டென்று கொட்டும். நூறு மீட்டர் ஓட்டக்காரன் மாதிரி. டிரெய்லருக்கு வேண்டியது கனத்த தகடு வைத்த டீப் சைக்கிள் பேட்டரி. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவன் மாதிரி, மெதுவாக, நாள்பூராவும். ‘மரைன்’ என்று படகுப் படம் போட்டு விற்பது இரண்டுக்கும் நடுவே. என்னுடையது அதுதான். “ஓடவும் தெரியாது, நடக்கவும் தெரியாது” என்றார் வைத்தியர்.

பத்தியமும் சொன்னார். என்னுடையதுபோல ஈய பேட்டரியில் 80 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் நமக்கு உரியது 40தான். பாதிக்கு மேல் குடித்தால் ஆயுள் குறையும். மீதிப் பாதி, அண்டாவின் அடியில் நிற்கும் சாம்பார் மாதிரி; கண்ணுக்குத் தெரியும், கரண்டி போடக் கூடாது.

வைத்தியர்களுக்கு ஒரு குணம் உண்டு: ஒருவர் மருந்து சொல்லும் வாசனை அடித்தால் இன்னொருவர் வந்துவிடுவார். சற்று நேரத்தில் எங்கள் டிரெய்லர் மூக்கைச் சுற்றி நான்கு மடக்கு நாற்காலிகள்.

முதலில் வந்தவர் ஆறு வோல்ட் மரபைச் சேர்ந்தவர். கோல்ஃப் வண்டிக்கென்று செய்த இரண்டு ஆறு வோல்ட் பேட்டரிகளை வரிசையாக இணைத்தால் 12 வோல்ட், சுமார் 220 ஆம்பியர்-மணி. அடித்தாலும் உதைத்தாலும் தாங்கும். ஆனால் ஒன்று 28 கிலோ. எங்கள் வீட்டுக் கணக்கில் சொன்னால், 20 பவுண்டு சோனா மசூரி மூட்டை மூன்றைத் தூக்கிவிட்டு, உடனே இன்னொரு மூன்றைத் தூக்க வேண்டும். தம்பதிபோல என்றார், ஒன்று படுத்தால் மற்றதால் தனியாக ஒரு விளக்குகூட எரிக்க முடியாது.

அடுத்தவர் லித்தியத்துக்கு மதம் மாறியவர். புதிதாக மாறியவருக்குரிய கண்ணொளி. லித்தியம் இரும்பு பாஸ்பேட், 12 கிலோ, 100 ஆம்பியர்-மணி என்றால் ஏறக்குறைய நூறும் நமக்கே. தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கலாம். “உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏறுமா?” என்று ஆறு வோல்ட்டுக்காரர் குத்தினார். ஏற்றக் கூடாது, ஏற்றினால் பாழ், அதனால் உள்ளேயிருக்கும் காவல் சர்க்யூட்டே தடுத்துவிடும் என்று ஒப்புக்கொண்டார். பழைய டிரெய்லரில் பிளக்கிலிருந்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கன்வெர்ட்டர் 13.6 வோல்ட்டோடு நின்றுவிடும், லித்தியத்துக்கு 14.4 வேண்டும், அதையும் மாற்ற வேண்டும் என்பதைக் கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னார். பிறகு நடந்தது வடகலை தென்கலை வழக்கு. யானை மட்டும்தான் இல்லை.

இந்த இடத்தில் எனக்குத் தமிழ்ப் பெருமை பொங்கிற்று. இந்த லித்தியம் இரும்பு பாஸ்பேட் 1997-இல் டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குடினஃப் குழுவினர் வெளியிட்டது. அதற்கு வழி காட்டிய ஆராய்ச்சியை 1980களின் இறுதியில் அவரோடு சேர்ந்து செய்தவர் ஆறுமுகம் மந்திரம், தென் தமிழ்நாட்டில் அமராபுரம் என்ற சிற்றூரில் பிறந்தவர், மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்தவர்; 2019-இல் குடினஃப் தம் 97 வயதில் நோபல் பரிசு பெற்றபோது அவர் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியவரும் அவரே என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

எல்லோரும் மரியாதையோடு கேட்டார்கள். வைத்தியர் மெதுவாகக் கேட்டார்: “அப்படியா? அவர் எந்த பிராண்ட் வாங்கச் சொல்கிறார்?”

கடைசியாக வந்தவர் ஜெனரேட்டர்காரர். அவருக்குப் பேட்டரியே வேண்டாம். “கழற்றி எறி. கரண்ட் கம்பம் உள்ள முகாமுக்குப் போனால் பிளக் செருகு, இல்லாத இடத்தில் இதை ஓட்டு” என்றார்.

அதுவரை சாந்தமாக இருந்த வைத்தியர் எழுந்து நின்றுவிட்டார். அவர் கோபத்தை நான் பார்த்தது அப்போதுதான். நெடுஞ்சாலையில் கொக்கி விட்டு டிரெய்லர் தனியே கழன்றால் என்ன ஆகும்? பிக்கப்போடு கட்டியிருக்கும் மெல்லிய கம்பி இழுபட்டு ஒரு பின்னைப் பிடுங்கும். உடனே டிரெய்லரின் பிரேக் தானே பிடிக்கும். அந்தப் பிரேக்குக்குக் கரண்ட் தருவது இந்தப் பேட்டரிதான். “பின்னால் வருகிற காரில் குழந்தை இருக்கும்” என்றார். ஜெனரேட்டர்காரர் நாற்காலியை மடக்கிக்கொண்டார். வைத்தியர் வெறும் வாய்ப்பந்தல் இல்லை என்று எனக்கு அப்போது புரிந்தது.

நான்கு பேரும் ஆளுக்கொரு மருந்தை எழுதிக் கொடுத்த பிறகு, காபி கொண்டுவந்த என் மனைவி கேட்டாள்: “ஏங்க, வருஷத்துக்கு எத்தனை ராத்திரி நாம கரண்ட் இல்லாத எடத்துல தங்கப் போறோம்?”

மொழிபெயர்த்தேன். நாற்காலிகளில் அமைதி. 1859 வரைக்கும் போய்வந்தவர்கள் யாரும் இந்தக் கேள்விப் பக்கம் வரவில்லை.

நான்கு ராத்திரி. இரண்டு இரண்டாக, இரண்டு தடவை. மற்றதெல்லாம் பிளக் உள்ள முகாம்.

வைத்தியர் உற்சாகமாகிவிட்டார், காகித டம்ளரின் மேலேயே கணக்குப் போட்டார். ஹீட்டர் எரிவது கேஸில். அந்தச் சூட்டைத் தள்ளும் காற்றாடி குடிப்பது 7 ஆம்பியர். பத்து மணி நேரத்தில் பாதி நேரம் ஓடினால் 35. விளக்கு, பம்ப், கீச் கீச் கருவி எல்லாம் ஒரு 10. ஆக, ராத்திரிக்கு 45. உரிமைப் பங்கு 40 மட்டுமே உள்ள என் பேட்டரி புத்தம் புதிதாக இருந்திருந்தாலும் விடியுமுன் அந்தப் பங்கைத் தாண்டியிருக்கும். ஆறு வோல்ட் ஜோடிக்குப் பங்கு 110. இரண்டு ராத்திரி தாங்கும். லித்தியம் ஒன்றுக்கு 100, அதுவும் தாங்கும். கணக்குப்படி இரண்டும் சரி.

“அப்புறம் எதை வைத்து முடிவு செய்வது?” என்றேன்.

அவர் பதில் சொல்லாமல் குனிந்து என் பழைய பேட்டரியின் தலையில் இருந்த மூடிகளை நெம்பினார். ஆறு ஓட்டைகள். டார்ச் அடித்தார். உள்ளே தகடுகள், வெயிலில் காய்ந்த வைகை மாதிரி.

“கடைசியாக எப்போது டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினாய்?”

ஊற்ற வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. ஃபீனிக்ஸ் கோடையில் 43 டிகிரிக்கு மேல் அடிக்கும் வெயிலில், நான்கு மாதம் வீட்டு பிளக்கில் செருகியபடி விட்டிருந்தேன். சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்க, தண்ணீர் போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

குவார்ட்ஸைட்டில் ஒரு கல்லறை இருக்கிறது. 1850களில் அமெரிக்க ராணுவம் பாலைவனத்தில் ஒட்டகம் ஓட்டிப் பார்த்தபோது கூட வந்த ஹாஜி அலியுடையது. ஊர்க்காரர்கள் வாயில் அவர் ‘ஹை ஜாலி’. 1902-இல் இறந்தார். கல்லறை மேல் ஒரு பிரமிடு, அதன் உச்சியில் ஓர் ஒட்டகம். வைத்தியர் அந்தத் திசையில் கையைக் காட்டினார். “தண்ணீர் இல்லாமல் இருக்க அதற்குத் தெரியும். இதற்குத் தெரியாது.”

விஷயத்தை மனைவியிடம் சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை. “துளசிச் செடிக்கே நான்தான் தண்ணி ஊத்தறேன். நீங்க பேட்டரிக்கு ஊத்தப் போறீங்களாக்கும்! தண்ணி கேக்காததை வாங்குங்க.”

லித்தியம் ஜெயித்தது இப்படித்தான். மின்வேதியியல் அல்ல, துளசி மாடம்.

சாயங்காலம் நன்றி சொல்லலாம் என்று வைத்தியர் இருப்பிடத்துக்குப் போனேன். அவருடைய டிரெய்லரிலிருந்து ஓர் ஆரஞ்சு நிற எக்ஸ்டென்ஷன் வயர் கிளம்பி, மணலில் நெளிந்து, ஜெனரேட்டர்காரரின் வண்டிக்குக் கீழே போய் மறைந்தது. கறுப்புப் பெட்டி காலி.

“இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்” என்றார் அவர் மனைவி, பின்னல் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். “மூன்று வருஷமாக. விலை இன்னும் இறங்குமாம்.”

நாங்கள் புதிய லித்தியம் வாங்கினோம், கன்வெர்ட்டரையும் மாற்றினோம். கோடையில் வெளியே வாடவிடாமல் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுகிறேன். 12 கிலோதான், ஓர் அரிசி மூட்டையைவிடக் கொஞ்சம் கூட.

அடுத்த ஜனவரியில் அதே பொட்டல். முதல் ராத்திரி நிம்மதியாகத் தூங்கினோம். காலையில் வைத்தியர் தானாகவே வந்து மூடியைத் திறந்தார், முள் வைத்தார், கண்ணை மூடினார். 13.2. மத்தியானம் வந்தார். 13.2. சாயங்காலமும் ஏறக்குறைய அதேதான். இந்த வகை லித்தியம் தீரும் தறுவாய் வரைக்கும் வோல்ட்டேஜைக் காட்டிக்கொடுக்காது. வயிற்றில் எவ்வளவு இருக்கிறது என்று நாடி பிடித்துச் சொல்ல முடியாது. அதற்குப் போகிற வருகிற ஆம்பியரை எண்ணும் வேறு கருவி வேண்டும். அவர் மல்டிமீட்டரைப் பார்த்தார், பேட்டரியைப் பார்த்தார். ஊரே குணமாகிவிட்ட செய்தி கேட்ட வைத்தியரின் முகம்.

அந்த நேரம் எதிர் வரிசையில் ஒரு மூடி கழன்று தரையில் விழும் சத்தம் கேட்டது. நாய் முதலில் எழுந்தது. பின்னாலேயே அவரும்.

உங்களிடம் டிரெய்லர் இருந்தாலும் சரி, வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும் சரி, புதிய பேட்டரி வாங்கப் புறப்படுமுன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொள்ளுங்கள்: கரண்ட் இல்லாமல் எத்தனை மணி நேரம் இருக்கப் போகிறீர்கள்? மாதம் ஒரு தடவை மூடியைத் திறந்து தண்ணீர் பார்ப்பீர்களா? இரண்டாவது கேள்விக்கான பதிலை மட்டும் வீட்டுக்காரம்மாவிடம் கேட்டு எழுதுங்கள்.