ஞாயித்துக்கெழம பாடு

குந்து பேராண்டி. அந்தப் படகு ஓரத்துல வேணாம், பலகை இத்துப் போயிருக்குது. கோவிச்சிக்காத, ஒன்னையச் சொல்லல, படகு மேல அக்கறை.

ஒடம்ப எளைக்க வெக்கிறியாமே. ஒன் பாட்டி சொன்னா. காலைல ஓட்ஸாம், மத்தியானம் வெள்ளரிக்காயாம், ராத்திரிக்குத் தண்ணியாம். அவ மடவைக் கொழம்ப எறக்குனா மூக்கப் பொத்திக்கினு தெருவுக்கு ஓடுறியாமே. திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் சாமியாரு வேஷம். ஞாயித்துக்கெழம பொன்னேரி பிரியாணிக் கடைல நீ பூந்தன்னா, கடைக்காரன் அண்டாவக் கட்டிப் புடிச்சிக்கினு நிக்கிறானாம்.

தப்பு எந்த நாள்ல கீதுன்னு நெனைக்கிற? ஞாயிறுன்னுதான சொல்லுவ. இல்லடா, செவ்வாக்கெழமல கீது. செவ்வா மத்தியானம் காஞ்ச வயித்தோட குந்திக்கினு கீற பாரு, அப்பவே ஞாயித்துக்கெழம பிரியாணிக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு.

நர்ஸுக்குப் படிக்கிறாளே ஒன் தங்கச்சி, அவ போன்ல பாத்துக் கணக்கெல்லாம் சொன்னா. எனக்குப் படிக்க வராது. ஆனா இறால் யாவாரி தராசுல கட்டை வெரல் வெக்கிறானான்னு தூரத்துலயே கண்டுபுடிச்சவன் நானு, எங்கிட்ட கணக்கு தப்பாது. ஐதராபாத்துல தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் கீதாம். 2020-ல அவங்க எழுதி வெச்சது இது: 65 கிலோ ஆம்பள, குந்திக்கினே வேல பாத்தா நாளுக்கு 2110 கலோரி போதும். ஒடம்பு முறிய ஒழைச்சா 3470. எங்கப்பாரு, அதாவது ஒன் பூட்டன், கோல் ஊனிப் படகு தள்ளி, இடுப்பளவுத் தண்ணில நின்னு விடிய விடிய வலை இழுத்தவரு. அவரு ரெண்டாவது கணக்கு. நீ காட்டுப்பள்ளித் துறைமுகத்துல ஏசி ரூம்ல குந்திக்கினு மௌஸத் தள்ற. நீ மொதக் கணக்கு. ஆனா பூட்டன் சொத்துல தட்டு மட்டும் நேரா ஒனக்கு எறங்கியிருக்குது.

எங்க காலத்துலயும் விருந்தும் பட்டினியும் மாறி மாறிதான் வந்துச்சு, இல்லங்கல. மழைக்கு அப்பால முகத்துவாரம் தொறந்து ஏரில இறால் ஏறுனா ஊரே மணக்கும். கோடைல மணலு வந்து வாய அடைச்சிக்கிச்சுன்னா தண்ணி சுண்டி, உப்பு ஏறி, வலைல பாசிதான் மாட்டும். அப்ப கஞ்சிதான். அந்தப் பட்டினிய நாங்க வேண்டிக்கினு வாங்கல, ஏரி குடுத்துச்சு. நீ இன்னாடான்னா பிரிட்ஜு நெறைய வெச்சிக்கினு பட்டினியக் காசு குடுத்து வாங்குற. அந்த ஓட்ஸ் பாக்கெட்டு வெல கேட்டு ஒன் பாட்டி தண்ணி குடிச்சா.

கணக்குக்கு வா. நாளுக்கு 400 கலோரி கொறைக்கிறன்னு வெய்யி. ஆறு நாள்ல 2400 மிச்சம். ஏழாம் நாளு பிரியாணி, பொரிச்ச இறாலு, சாயங்காலம் பரோட்டா, நடுவுல கலர் சோடா. அன்னிக்கு வேண்டியதுக்கு மேல 2400 ஏத்துறது ஒனக்கு இன்னா கஷ்டமா? ஏத்திட்டு வாரம் பூரா தவம் இருந்தேன், எறங்கலயேன்னு பொலம்புற. அந்தக் குவார்ட்டரயும் சேத்துக்க. 180 மில்லில சுமாரா 425 கலோரி. அதுல வயிறு ரொம்பாது, பசிதான் ஏறும். எனக்கு எப்பிடித் தெரியும்னு கேக்காத, ஒன் தங்கச்சி சொன்னா.

திங்கக்கெழம காலைல மிஷின் மேல ஏறி ஒன்றரை கிலோ கூடிப்போச்சேன்னு கத்துனியாமே. ஒரு கிலோ கொழுப்பு சேரணும்னா சுமாரா 7700 கலோரி மிச்சமாத் துன்னணும். ஒன்றரை கிலோவுக்கு 11,500. நீ துன்னக்கூடிய ஆளுதான், இருந்தாலும் ஒரே நாள்ல முடியாது. ஏறுனதுல முக்காவாசி தண்ணி. சோத்து மாவு ஒடம்புல தங்கும்போது தம் பங்குக்கு மூணு மடங்கு தண்ணியப் புடிச்சி வெச்சிக்குமாம். பத்தாததுக்குப் பிரியாணி உப்பு வேற. சும்மா இருந்தா ரெண்டு மூணு நாள்ல தானா எறங்கிடும். நீ சும்மா இருக்கணுமே! பயந்துக்கினு திரும்பவும் வெள்ளரிக்கா கடிப்ப. செவ்வாக்கெழம வந்துடும்.

டாஸ்மேனியாப் பல்கலைக்கழகத்து ஆளுங்க ஒரு ஆராய்ச்சி பண்ணாங்களாம். ஏண்டா கண்ணு மின்னுது? அது ஊரு பேருடா. 2017-ல வெளியாச்சு. குண்டா கீற ஆம்பளைங்கள ரெண்டு கூட்டமாப் பிரிச்சி, ஒரு கூட்டத்துக்கு விடாமக் கொறச்சலாச் சோறு. இன்னொண்ணுக்கு ரெண்டு வாரம் கொறச்சல், ரெண்டு வாரம் ஓய்வு. ஓய்வு எடுத்தவங்கதான் அதிகமா எளைச்சாங்க. சிரிக்காத, மீதியக் கேளு. ஓய்வு வாரத்துல அவங்க அண்டாக்குள்ள குதிக்கல, எடை ஏறாத அளவுக்கு அளந்துதான் துன்னாங்க. அப்பால வந்த வேற ஆராய்ச்சில இந்த லாபமும் தெரியலயாம். அமெரிக்கால, எளைச்சி அப்பிடியே நிக்கிறவங்களுக்குன்னு 1994-லேர்ந்து ஒரு பதிவேடு வெச்சிருக்காங்க. அதுல வாரநாளும் லீவு நாளும் ஒரே மாதிரி துன்றவங்க, அடுத்த ஒரு வருசத்துக்கு எடை ஏறாம நிக்கிறதுக்கு ஒன்றரை மடங்கு வாய்ப்பாம். கட்டுப்பாடு, கட்டுப்பாடுன்னு நீ கத்துறியே, அது ஞாயித்துக்கெழமையும் சேத்துதான்.

அதுக்காக விருந்தே கூடாதுன்னு நான் சொல்லல. சொன்னா மொதல்ல எனக்குதான் நஷ்டம். நம்ம ஏரில பாடு எப்பிடி நடக்குது? சீட்டுப் போட்டு, இந்தத் தலைக்கட்டுக்கு இந்த எடம், இந்த நாளுன்னு மொற வெச்சிருக்கோம். மொற தவறி வலை கட்டுனா ஊர்ல தண்டம். பிரியாணிக்கும் ஒரு பாடு போட்டுடு. ஒரு வேளை, ஒரு தட்டு. அன்னிக்குக் காலைல இட்லிய உட்டுட்டு வயித்தக் காலியா வெச்சிக்கினு போவாத. காலி வயிறு மொற பாக்காது. மறுநாளு பட்டினித் தண்டமும் கட்டாத. எப்பவும் போல சோறு கொஞ்சம், கொழம்பு மீனு ரெண்டு துண்டு. மீனு ஒன்ன ஏமாத்தாது, அதப் பொரிக்கிற எண்ணெதான் ஏமாத்தும். ஒரு கிராம் எண்ணெயில 9 கலோரி. ஒன் பாட்டி சட்டில ஊத்துறத நீ பாத்ததில்லயே, நான் பாத்துக்கினே கீறேன்.

சரி, ஏந்திரி. நாளைக்கு மத்தியானம் நண்டு. கொழுத்த பச்ச நண்டெல்லாம் உசுரோட சிங்கப்பூரு போவுது, நம்மளுக்குக் கொடுக்கு ஒடஞ்சதுதான் மிச்சம். இருந்தாலும் எட்டு கீது. ஒனக்கு ரெண்டு, பாட்டிக்கு ரெண்டு. மீதி நாலும் எனக்கு. மொறைக்காத, நான் 3470 கணக்கு. நெழல்ல குந்திக்கினு கிழிஞ்ச வலைய முடியறது ஒழைப்பு இல்லன்னு எவன் சொன்னான்?