மழைக்கு மறுநாள் லீவு

வாடா தம்பி, உக்காரு. இத்தாலி போய் மண்ணுக்கடியில வெளையிற காளானைக் கண்ணாடிக்குள்ள பாத்துட்டு வந்தியாமே? பேரு ட்ரஃபிளாம். எனக்கு ‘ட்ரபுள்’னுதான் காதுல விழுந்துச்சு. டஸ்கனியில சான் ஜியோவான்னி தாசோங்கிற சின்ன ஊர்ல, கோட்டைக்குள்ள அதுக்கு மியூசியமே இருக்காம். பிரான்ஸ்ல சோர்ஜ்ங்கிற கிராமத்துல 1982லேயே வச்சுட்டானாம். பன்னியை விட்டுத் தேடுனா கண்டதும் தின்னுடுதுன்னு நாயைப் பழக்கிக்கிட்டான். வெவரமானவன்தான்.

இப்ப நம்ம கமுந்திங்லயும் காளானுக்கு ஒண்ணு திறக்கணுங்கிற. திறடா ராசா. ஆளைப் புடிச்சு தடுப்பு முகாமுக்குள்ள போட்டே பேர் வாங்குன ஊரு இது. டிக்கெட் எடுத்து உள்ள வர்றது புதுசா இருக்கும்.

பக்கத்துல தைப்பிங்ல பேராக் மியூசியம் 1883லேருந்து இருக்கு, மலேசியாவுலேயே பழசு. பாடம் பண்ணுன மிருகம் பல்லைக் காட்டிக்கிட்டே நிக்கும். காளான் நிக்குமா? இன்னிக்கு விரிஞ்சது நாளைக்கு அழுகிப்போகும். பிளாஸ்டிக்ல செஞ்சு வைப்ப. வருசத்துக்கு 4,000 மில்லிமீட்டர் கணக்குல கொட்டுற மழைக்கு, நீ வைக்காத பூஞ்சையெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள்ள தானா முளைக்கும்.

சரி, என்ன வைக்கலாம்னு சொல்றேன். செத்த பால்மரக் கட்டை ஒண்ணு, மேல விசிறி விசிறியா கூலாட் சிசிர் காளான். மலாய்க்காரங்க சீப்புன்னு சும்மாவா பேர் வச்சாங்க? திருப்பிப் பாரு, அடியில சீப்புப் பல்லுதான். தேங்காப்பால்ல வேக வச்சாலும் தாடைக்கு ஓவர்டைம். அப்புறம் வெள்ளை நூல் சுத்துன பால்மர வேர். அதுவும் காளான் சாதிதான். வேரைத் தின்னு மரத்தையே சாய்ச்சுப்புடும். தோட்டத்துல துரை பயந்த ஒரே ஆள் அவன்தான். அவனுக்குச் சங்கம்கூட கிடையாது.

புத்துக்காளான் சங்கதி வேற. மனுசன் வளத்தா வராது. கறையான் மண்ணுக்குள்ள தோட்டம் போட்டு வளக்குது. கங்காணி இல்லாத தோட்டம்டா! கூர்மூக்கால மண்ணைக் குத்திக்கிட்டு மேல வரும். மெதுவாத் தோண்டுனா வாலு போய்க்கிட்டே இருக்கும். எங்க ஆயா பால்மரம் சீவப் போறப்ப அது கண்ணுல பட்டா, பால்வாளியை மேல கவுத்துட்டு, வெத்தலை போடுற சாக்குல பக்கத்துல உக்காந்துக்கும். கூட வந்த பொம்பளைங்க எல்லாம் தாண்டிப் போனாத்தான் எந்திரிக்கும். இடத்தைப் பெத்த மகளுக்கே சொன்னதில்ல. இத்தாலிக்காரன் ராத்திரியில நாயோட பதுங்கிப் போறானே, அதே புத்திதான். ஆயாவுக்கு நாய்ச் செலவு மிச்சம்.

அந்தப் புத்து எங்க இருக்குன்னு மட்டும் என்னைக் கேக்காத. வேணும்னா டிக்கெட் கவுண்டர்ல உக்கார்றேன், சம்பளம் பாத்துக் குடு. மழை பேஞ்ச மறுநாள் மட்டும் எனக்கு லீவு.