செட் ஆயிடும் சார்

சிக்னலில் சிவப்பு விழுந்ததும் என் ஆபீஸ் நண்பர் பைக்கில் உட்கார்ந்தபடி முதலில் இடதுகையை உதறுவார், கைகழுவிவிட்டுத் துண்டு கிடைக்காதவர் மாதிரி. அடுத்து வலதுகை. அப்புறம் முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் தொடைமேல் வைத்து, கழுத்தை இந்தப்பக்கம் ஒரு சொடுக்கு, அந்தப்பக்கம் ஒரு சொடுக்கு. பக்கத்தில் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் பால் கேனோடு சாவகாசமாக உட்கார்ந்திருப்பவர் இவரைப் பரிதாபமாகப் பார்ப்பார். பச்சை விழும். நம்மவர் தரையில் விழுந்த சில்லறையைத் தேடுகிறவர்போல டேங்க்மேல் கவிழ்ந்துகொண்டு கிளம்புவார்.

"கை வலிக்குதா?" என்று கேட்டுப் பாருங்கள். வலி என்ற சொல் அவர் வாயில் வராது. "இன்னும் செட் ஆகல சார். செட் ஆயிடும்."

எப்போது ஆகும்? முதலில் 1,000 கிலோமீட்டர் என்றார். "இன்ஜினுக்கே ரன்னிங்-இன் இருக்கு, உடம்புக்கு இருக்காதா?" முதல் சர்வீஸ் முடிந்தது. இன்ஜின் செட் ஆகிவிட்டது. உடம்பு வாய்தா கேட்டது. 3,000 என்றார். மழைக்காலம் முடியட்டும் என்றார். இன்று மீட்டர் 11,000ஐத் தாண்டிவிட்டது. வழக்கு இன்னும் விசாரணைக்கே வரவில்லை.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு காரணம் உண்டு. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்ததுதான் தப்பாம். முழங்கையைத் தளர்த்தி மடக்க வேண்டுமாம். அடுத்த மாதம், பாரம் கைக்கே போகக்கூடாது, தொடையால் டேங்கைக் கவ்விக்கொள்ள வேண்டும். அதற்கடுத்த மாதம், சீட்டில் ஒரு சாண் பின்னால் தள்ளி உட்கார வேண்டும். பிரேக் லீவரைக் கொஞ்சம் கீழே திருப்பிவைத்தால் மணிக்கட்டு நேராக நிற்கும். கடைசியில் குற்றவாளி பிடிபட்டான்: வயிறு. "கோர் ஸ்ட்ரெங்த் இல்ல சார். இடுப்பும் வயிறும் உடம்பத் தாங்கினா கைக்கு வேலையே இல்ல." அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குமுன் மீட்டிங் ரூமில் பிளாங்க் போடுகிறார். செய்முறை விளக்கத்துக்கு என் சுழல்நாற்காலிதான் வண்டி. இதில் எரிச்சல் என்னவென்றால், அவர் சொல்வது அத்தனையும் சரி. பிளாங்க் முடித்துவிட்டு டிபன் பாக்ஸை என்னிடம்தான் நீட்டுவார். மூடியைத் திருக அவர் மணிக்கட்டில் பலமில்லை.

வண்டியைக் குற்றம் சொல்ல முடியாது. ஹேண்டிலைத் தாழ்த்தி ஃபோர்க்கோடு இரண்டு துண்டாக மாட்டி, ஃபுட்ரெஸ்டைப் பின்னால் தள்ளித் தூக்கிவைத்திருப்பது வேகத்துக்காக. வேகமெடுத்தால் எதிர்க்காற்று நெஞ்சைத் தள்ளும், கையிலிருந்து பாரம் இறங்கும். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் அது நடக்கும். தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு வருகிறவனுக்குக் காற்று எங்கே? குரோம்பேட்டையில் பதினைந்தில் ஊர்ந்து, பல்லாவரத்தில் பஸ்ஸின் பின்னால் நின்று, பிரேக் பிடிக்கும்போதெல்லாம் மேலுடம்பு முழுக்க முன்னால் சரிந்து உள்ளங்கையில் இறங்குகிறது. அடி உள்ளங்கையில் ஓடுகிற நரம்பு அழுந்தி, ஆபீஸ் வந்து சேரும்போது சுண்டுவிரல் மரத்துப்போயிருக்கும். அந்த விரலைக் கோடாலித் தைலம் போட்டு உருவிக்கொண்டேதான் கம்ப்யூட்டரைத் திறப்பார். எங்கள் வரிசையில் யாருக்கும் ஜலதோஷமே வருவதில்லை.

திட்டலாம் என்றால் மனசு வரவில்லை. 2008இல் யமஹா ஆர்15 வந்தபோது இவருக்கு இருபது வயது. கல்லூரி வாசலில் எவனோ நிறுத்தியிருந்ததைச் சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு வீட்டில் கேட்டிருக்கிறார். அப்பா ஸ்ப்ளெண்டர் வாங்கிக் கொடுத்தார். அப்புறம் அக்கா கல்யாணம், தன் கல்யாணம், ஃபிளாட் லோன். ஒருவழியாகக் குனிந்து ஓட்டுகிற வண்டி வீட்டு வாசலுக்கு வந்தபோது முப்பத்தேழு. இருபது வயசு இடுப்புக்குத் தைத்த சட்டையை முப்பத்தேழில் போட்டுக்கொண்டு, பட்டன் செட் ஆயிடும் என்கிறார்.

ஒரு ஞாயிறு விடிகாலை என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஈசிஆர் போனார். பின்சீட் என்பது பரணில் உட்காருவது மாதிரி. நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். முட்டுக்காடு தாண்டி ரோடு காலியானதும் அவர் குனிந்தார். முதுகில் முறுக்கு இல்லை, தோள் தளர்ந்திருந்தது, முழங்கை அவர் சொன்ன மாதிரியே மடங்கியிருந்தது. நாலைந்து நிமிஷம் ஒரு வார்த்தை பேசவில்லை. செட் ஆகியிருந்தது. எதிரே ஆடு வந்தது. பிரேக் பிடித்து ஓரங்கட்டி நிறுத்தி இடதுகையை உதறினார்.

இதெல்லாம் அவர் பாடு. என் பாடு வேறு. வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் ஐந்தரைக்கு என் மேஜைக்கு வருகிறார். "சார், இன்னிக்கு மட்டும் ஸ்கூட்டர் சாவி. அரிசி மூட்டை எடுக்கணும், இதுல வைக்க இடமில்ல." நேற்று மாவு. அதற்கு முந்தைய நாள் மாமியார். நான் ஷேர் ஆட்டோவில் போகிறேன். மறுநாள் என் ஸ்கூட்டர் வருகிறது, கண்ணாடி இரண்டும் அவர் உயரத்துக்குத் திரும்பி, முள் சிவப்புக் கோட்டில் படுத்து.

எட்டு மாதமாகிறது. பெட்ரோலாவது போட்டுக் கொடுக்கலாம்.